பழையபேட்டையில் ஒரு தொட்டிக்கட்டு வீடு: படித்துப் பார்த்துப் பழுது நீக்கும் முறை

முப்பத்துநான்கு வருடம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். கிருஷ்ணகிரியில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, தலைக்கு மேல் வேப்பமரம். சொத்து வாங்க வருகிறவரிடம் என் முதல் கேள்வி, "தாய்ப்பத்திரம் எங்கே?" அதைப் படிக்காமல் புதுப் பத்திரத்தில் ஒரு வரி எழுத மாட்டேன். ஊருக்கு இவ்வளவு கறார் பேசியவன், சொந்த வீட்டை மட்டும் ஒரு வரிகூடப் படிக்காமல் 1998-ல் பழுது பார்த்தேன். ஓதம் (அடியிலிருந்து ஊறும் ஈரம்) ஏறிய சுவரில் பழைய சுண்ணாம்புக் காரையை மார்பளவுக்குக் கொத்தி எறிந்துவிட்டுச் சிமெண்ட் பூசினேன். "இனி ஐம்பது வருடத்துக்குக் கவலை இல்லை" என்றார் ஒப்பந்தக்காரர். அவர் பெயர் வேண்டாம், தலையாட்டியவன் நான்தான். மூன்றாவது மழைக்காலத்தில் ஓதம் சிமெண்டைத் தாண்டி மேலே ஏறி, சாமி படங்கள் மாட்டியிருந்த உயரத்துக்கு வந்து நின்றது.

அதற்குப் பிறகு நான் செய்த வேலையில் பாதிக்கு மேல், 1998-ல் செய்ததைக் கழற்றியதுதான். பேட்டையிலும் தர்மபுரிக் கோட்டைப் பக்கத்திலும் பழைய வீடு வைத்திருப்பவர்கள் அவ்வப்போது வந்து கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டதால் எழுதிவிடுகிறேன்.

முதலில் வயதைக் கண்டுபிடியுங்கள்

கிருஷ்ணகிரிக் கோட்டை நிற்கும் சையத் பாஷா மலையடியில் இருக்கும் எங்கள் பேட்டையில் எந்த வீட்டுக்குப் போனாலும் "ஐந்நூறு வருட வீடு" என்பார்கள். திப்பு சுல்தான் வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போன திண்ணை என்றும் சொல்வார்கள். எங்கள் பாட்டியும் சொன்னார். அத்தனை வீட்டிலும் தண்ணீர் குடித்திருந்தால் மனிதருக்குச் சண்டை போட நேரமே இருந்திருக்காது.

ஊரும் கோட்டையும் பழையவை என்பதில் சந்தேகமில்லை. விஜயநகரக் காலத்தில் ஜெகதேவராயர் ஆண்ட பாராமகால் சீமை இது; பன்னிரண்டு கோட்டைகளின் பெயரால் அறியப்பட்டது. ஆனால் கோட்டைக்குக் கீழே இருக்கும் பேட்டைதான் ஒவ்வொரு சண்டையிலும் முதல் அடி வாங்கும். 1791 நவம்பரில் ஆங்கிலேயக் கர்னல் மேக்ஸ்வெல் படையோடு வந்து பேட்டையையும் கீழ்க்கோட்டையையும் பிடித்தார். மேல்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பினார். அடுத்த ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாகத் தர்மபுரியில் இருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து வரி போட ஆரம்பித்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் மரமும் கூரையும் நானூறு ஐந்நூறு வருடம் தப்பி நின்றன என்று நம்ப எனக்குத் தைரியம் இல்லை. தெருவின் போக்கும், மனையின் அளவும், நடுவில் முற்றம் விட்டுச் சுற்றிலும் தாழ்வாரம் இறக்கும் தொட்டிக்கட்டு முறையும் பழையவை. அவற்றின் மேல் நிற்கும் சுவர்களுக்கு வயது வேறு.

அந்த வயதைக் காகிதத்திலிருந்து எடுப்பது என் தொழில் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கையில் இருக்கும் பத்திரத்திலிருந்து பின்னோக்கிப் போங்கள். ஒவ்வொரு பத்திரமும் தனக்கு முந்தைய பத்திரத்தின் எண்ணையும் ஆண்டையும் சொல்லும். கணினியில் வில்லங்கச் சான்று கிடைக்காத பழைய ஆண்டுகளுக்குக் கையால் தேட மனுப் போட்டால், சார்பதிவாளர் அலுவலகத்தின் ஒன்றாம் புத்தகத்திலிருந்து நகல் தருவார்கள். நகல் வந்ததும் எல்லோரும் விலையைப் பார்ப்பார்கள். நீங்கள் கடைசிப் பக்கத்துக்குப் போய்ச் செக்குபந்தியைப் பாருங்கள். நான்கெல்லையும் அளவும் சொல்லும் அந்தப் பகுதியில்தான் வீடு எப்படி இருந்தது என்று எழுதியிருக்கும்: எத்தனை அங்கணம், மண் மெத்தையா ஓடா, கிணறு உண்டா, வாசற்கால் எத்தனை ஜோடி. மெத்தை என்றால் தட்டையான கூரை. அங்கணம் என்றால் இரண்டு உத்திரத்துக்கு நடுவே உள்ள இடம். சதுர அடி வழக்கத்துக்கு வருவதற்கு முன்னால் வீட்டை அப்படித்தான் எண்ணினார்கள்.

ஆண்டு பசலியில், அதாவது பழைய வருவாய்க் கணக்கு ஆண்டில், இருந்தால் பயப்பட வேண்டாம். பசலி எண்ணோடு 590 கூட்டுங்கள்; கிடைக்கும் ஆங்கில ஆண்டின் ஜூலை மாதம் அந்தப் பசலி தொடங்குகிறது. எங்கள் வீட்டின் அடமானப் பத்திரம் ஒன்று பசலி 1309, அதாவது 1899 ஜூலைக்குப் பிறகு எழுதியது. அதில் "முன்கட்டு காரை மெத்தை, பின்கட்டு மண் மெத்தை, ஆக அங்கணம் 9" என்று இருக்கிறது. பசலி 1322-ல் எழுதிய பாகப்பிரிவினையில் அதே பின்கட்டு "மங்களூர் ஓட்டு வீடு" ஆகிவிட்டது. ஆக 1899-க்கும் 1913-க்கும் நடுவில் மண்ணை இறக்கி ஓடு போட்டிருக்கிறார்கள். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் சின்ன ரயில் 1905-ல் ஓட ஆரம்பித்தது; அந்த ரயிலில்தான் ஓடு வந்து இறங்கியது என்று அப்பா சொன்னதை நான் கதை என்றே வைத்திருந்தேன். பத்திரம் அதற்கு இடம் கொடுக்கிறது. (அந்த ரயில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போனது போனதுதான். மாவட்டத் தலைநகரமாகி இருபது வருடம் தாண்டியும் ரயில் நிலையம் இல்லாமல் இருக்கிறோம். அது தனிப் புலம்பல்.)

வீடே பேசும் சாட்சியும் உண்டு. ஓட்டைத் திருப்பிப் பாருங்கள். செய்த தொழிற்சாலையின் முத்திரை அடியில் இருக்கும். பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865-ல், அதனால் அந்த முத்திரை இருக்கும் ஓடு அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. ஆனால் ஓடு சொல்வது கூரையின் வயதை மட்டும். சுவர் அதைவிடப் பழையதாக இருக்கலாம். ஆணி சதுரமாக, ஒன்றுபோல் ஒன்று இல்லாமல் இருந்தால் கொல்லன் அடித்தது. செங்கல் ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலக் கனத்தில் பட்டையாக இருந்தால் பழைய சூளை.

எங்கள் தலைவாசல் நிலைப்படியின் மேற்கட்டையில் "விக்ருதி ௵ தை ௴" (விக்ருதி வருடம், தை மாதம்) என்று செதுக்கியிருக்கிறது. தமிழ் ஆண்டுப் பெயர் அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வருமாதலால் அது 1831, 1891, 1951 மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். 1899-ல் வீடு இருந்ததால் 1951 அடிபட்டது. அந்த அடமானப் பத்திரம் "என் தகப்பனார் சுயார்ஜிதமாகக் கட்டிய வீடு" என்கிறது. எழுதிக் கொடுத்தவருக்கு அப்போது வயது 38. தகப்பனார் 1831-ல் கட்டியிருக்க முடியாது என்று இல்லை, ஆனால் 1891-தான் இயல்பாகப் பொருந்துகிறது. ஆக என் ஐந்நூறு வருட வீட்டுக்கு வயது நூற்று முப்பத்தைந்துக்குப் பக்கம். அக்காவுக்கு இதில் இன்றுவரை வருத்தம்.

அவருக்கு ஆறுதலாக ஒரு கல் இருக்கிறது. திண்ணைக்குக் கீழே அடிமானத்தில், மற்ற கற்கள் உடைத்த முகத்தோடு இருக்க, ஒன்று மட்டும் குடம் போல் உருட்டிச் செதுக்கியிருக்கிறது. கோயிலின் அடிப்பீடமான அதிட்டானத்தில் வரும் குமுதப் படை அது. நுளம்பர், சோழர், ஹொய்சளர், விஜயநகரத்தார் என்று யார் யாரோ கோயில் கட்டிய பூமி. இடிந்த ஏதோ ஒன்றிலிருந்து வண்டி ஏறி வந்திருக்கிறது. வீட்டில் இடைக்காலத்துக்கு உரியது அந்த ஒரு கல். 1998-ல் அதன் மேலும் சிமெண்ட் அப்பினேன்.

ஒரு வருடம் சும்மா இருங்கள்

இது யாருக்கும் பிடிக்காத அறிவுரை. ஆடிச் சாரல், ஐப்பசி அடைமழை, பங்குனி வெயில் மூன்றையும் வீடு எப்படித் தாங்குகிறது என்று பார்க்காமல் கொத்தனாரைக் கூப்பிடாதீர்கள். ஒரு பள்ளிக்கூட நோட்டில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு பக்கம். ஓதம் எந்த உயரத்தில் நிற்கிறதோ அங்கே பென்சிலால் கோடு, பக்கத்தில் தேதி. எந்த மழைக்கு எந்த உத்திரத்தடியில் சொட்டியது என்ற குறிப்பு. எல்லாச் சுவரையும் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள், அழகான மூலையை மட்டும் அல்ல.

விரிசலுக்குக் கண்ணாடிச் சோதனை செய்யுங்கள். கண்ணாடிக் கடையில் கழிவாகக் கிடக்கும் மெல்லிய துண்டை விரிசலுக்குக் குறுக்கே வைத்து இரண்டு முனையையும் சுவரோடு ஒட்டிவிட வேண்டும். துண்டின் மேல் தேதி எழுதுங்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். நகராவிட்டால் அது என்றோ நகர்ந்து நின்றுபோன விரிசல், காரை வைத்து அடைத்தால் போதும். நான் ஏழு இடத்தில் ஒட்டினேன். ஆறு அப்படியே இருந்தன. சமையற்கட்டு மூலையில் ஒட்டியது இரண்டே மாதத்தில் உடைந்தது. தோண்டிப் பார்த்தால் பக்கத்தில் போன கழிவுநீர்க் குழாய் உடைந்து அடிமண்ணை அரித்துக்கொண்டிருந்தது. குழாயை மாற்றியதும் அடுத்த கண்ணாடி உடையவில்லை. அந்த மூலைக்கு "தூண் கொடுத்துத் தூக்க வேண்டும்" என்று முன்பு ஒருவர் எனக்கு மதிப்பீடு போட்டுக் கொடுத்திருந்தார்.

தண்ணீருக்கு வழி

பழைய வீட்டின் நோயில் முக்கால்வாசி தண்ணீர். மேலே ஆரம்பித்துக் கீழே வாருங்கள்.

இரண்டு ஓட்டுச் சரிவு சேரும் கூடல்வாயில் உள்ள தகரம்தான் முதலில் ஓட்டையாகும். முற்றத்தைச் சுற்றி நான்கு கூடல்வாய். நான்கிலும் சருகு அடைத்திருக்கும். ஆடிக்கு முன்னால் ஒருமுறை, புரட்டாசியில் ஒருமுறை கையால் வாரி எடுங்கள். முற்றத்தின் நீர் போகும் வழியைக் கண்டுபிடியுங்கள். எங்கள் வீட்டில் அது நடையின் அடியில் கல்லால் மூடிய வாய்க்காலாகத் தெருவுக்குப் போகிறது. எண்பதுகளில் யாரோ அதன் வாயில் செங்கல் வைத்துப் பூசியிருந்தார்கள், பெருச்சாளி வருகிறது என்று. பெருச்சாளிக்குக் கம்பி வலை போதும்.

தெரு உயர்ந்ததுதான் பெரிய துயரம். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டு, நான்கு படி ஏறித் திண்ணையில் உட்கார்ந்த வீட்டுக்கு இப்போது ஒன்றரைப் படிதான் இருக்கிறது. தெருத் தண்ணீர் அடிமானத்துக்குள் போகிறது. சாலை போடும் முன் சுரண்டச் சொல்லி எழுதிக் கொடுங்கள். தெருவார் பத்துப் பேர் கையெழுத்தோடு, வேலை தொடங்குவதற்கு முன்பே கொடுங்கள். தார் ஊற்றிய பிறகு கொடுக்கும் மனுவுக்கு மதிப்பு இல்லை. நம் பங்குக்கு, சுவரோரமாக ஒரு முழ அகலம் சிமெண்டுத் தரையைப் பெயர்த்து, சரளை போட்டு, வாட்டம் வெளிப்பக்கமாக இருக்கும்படி விடலாம்.

சிமெண்டைக் கழற்றுவது

எங்கள் சுவர் கருங்கல்லும் மண்ணும் அடுக்கி இரண்டு பக்கமும் காரை பூசியது, கனம் இரண்டடி. அடியிலிருந்து ஈரம் உறிஞ்சிக்கொண்டு ஏறுவது இப்படிப்பட்ட சுவரின் இயல்பு. சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும்; காற்றில் காய்ந்துபோகும். சிமெண்ட் விடாது. ஈரம் வெளிவர இடம் தேடி மேலே மேலே ஏறும், அதோடு மண்ணில் உள்ள உப்பும் ஏறும். உப்பு சுவருக்குள் படிகமாகி வீங்கும்போது சாந்து பொரிந்து உதிர்கிறது. மேலே பிளாஸ்டிக் வண்ணம் வேறு அடித்தால் உதிர்வது இன்னும் சீக்கிரம்.

பெயர்க்க இயந்திரம் வைக்காதீர்கள். அதிர்ச்சியில் உள்ளே இருக்கும் மண் சாந்து கலகலத்துவிடும். சிற்றுளியும் சுத்தியலும் போதும். சாய்வாக, மேலிருந்து கீழாக, ஒரு நாளைக்கு நாலடிக்கு நாலடி. எங்கள் பெரிய மேஸ்திரிக்கு அப்போது வயது எழுபதைத் தாண்டியிருந்தது. அப்பா காலத்தில் சுண்ணாம்பு வேலை பார்த்தவர். முதல் பலகை பெயர்ந்து விழுந்ததும் சுவரில் உள்ளங்கையை வைத்தார். பிறகு என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். மாசி மாதம், வெளியே புழுதி பறக்கிறது. சுவர் அப்போதுதான் குளித்துவிட்டு வந்த மாட்டின் வயிறு மாதிரி குளிர்ந்து நனைந்திருந்தது. "இருபது வருடமாகத் தண்ணீர்க்குடத்தை மூடி வைத்திருக்கிறீர்கள், ரைட்டர் ஐயா" என்றார்.

பெயர்த்த சுவரை அப்படியே விட வேண்டும். நான் ஐந்து மாதம் விட்டேன். வெள்ளையாக உப்புப் பூக்கும். காய்ந்த தென்னந்துடைப்பத்தால் பெருக்கி எடுத்து வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடியும் உள்ளே போய்விடும். விருந்தாளிகள் முகம் சுளிப்பார்கள். எங்கள் வீட்டில் அந்த ஐந்து மாதத்தில் ஒரு பெண் பார்க்கும் சடங்கு நடந்தது. சுவருக்குப் பட்டுப்புடவையைத் திரையாகக் கட்டிச் சமாளித்தோம்.

சுண்ணாம்பு

கடையில் பையில் விற்கும் தூள் வெள்ளையடிக்க உதவலாம், பூச்சுக்கு உதவாது. சூளையில் வெந்த கட்டிச் சுண்ணாம்பு வேண்டும். ஒரு கட்டியைத் தண்ணீரில் போடுங்கள். உடனே சீறி வெடித்துக் கொதித்தால் நல்லது. சும்மா கிடந்தால் காற்றின் ஈரத்தில் ஏற்கெனவே செத்துவிட்டது, திருப்பி அனுப்புங்கள். இந்தப் பக்கத்துச் செம்மண்ணில் கிடைக்கும் சுக்கான்கல்லைச் சுட்டால் வரும் சுண்ணாம்பு கொஞ்சம் பழுப்பாக இருக்கும், ஆனால் ஈரத்திலும் இறுகும்; அடிப்பூச்சுக்கு மேஸ்திரி அதைத்தான் விரும்பினார்.

நீர்க்கும்போது கவனம் வேண்டும். முதலில் தொட்டியில் தண்ணீர், பிறகு அதில் சுண்ணாம்பு. ஒருபோதும் சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், முகத்தில் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை. கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரில் விடாமல் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழந்தைகளை அன்று அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கொதி அடங்கியதும் கிளறி, சல்லடையில் வடித்து, குழியில் விட்டு, மேலே எப்போதும் தண்ணீர் நிற்கும்படி வையுங்கள். மூன்று வாரம் குறைந்தபட்சம். நாங்கள் ஒரு மண்டலம் விட்டோம். எடுத்தபோது வெண்ணெய் மாதிரி கரணையில் ஒட்டிக்கொண்டது.

இதே சமயத்தில் கடுக்காயை ஊற வைக்க வேண்டும். இருநூறு லிட்டர் டிரம்மில் உடைத்த கடுக்காய் ஐந்து கிலோ, வெல்லம் ஐந்து கிலோ, பன்னிரண்டு நாள். கள்ளுக்கடை வாசனை வரும். தெருவில் இரண்டு பேர் விசாரித்தார்கள். வெல்லத்தைக் கூட்டினால் பூச்சு கூடுதல் உறுதியாகும் என்று நினைத்துக் கை நிறையப் போடாதீர்கள். நடை சுவரில் நான் அப்படிச் செய்து, இரண்டு மாதம் எறும்புப் படையோடு குடித்தனம் நடத்தினேன். முட்டை, உளுந்து, கற்றாழை என்று ஆளாளுக்கு ஒரு சேர்மானம் சொல்வார்கள். பூச்சின் உயிர் நன்றாக ஊறிய சுண்ணாம்பிலும், அரைப்பிலும், பிறகு காட்டும் பொறுமையிலும் இருக்கிறது. மற்றவை உபரி.

எங்கள் அளவு: சுண்ணாம்பு ஒன்று, கழுவிய மணல் இரண்டு, செங்கல் தூள் அரை. அந்தக் காலத்தில் மாடு இழுக்கும் கல்சக்கரம் வட்டப் பள்ளத்தில் சுற்றி அரைத்தது. இப்போது ஹோட்டல்காரர்கள் கழித்துப் போட்ட பெரிய கிரைண்டர் ஒன்றை வாங்கிக்கொண்டோம். மாவு அரைத்த கல்லே காரையும் அரைத்தது.

சுவரை முந்தின நாள் மாலையும் அன்று காலையும் நனையுங்கள். முதல் பூச்சை அப்பக் கூடாது, வீசி அடிக்க வேண்டும். கல் இடுக்கில் போய்ப் பிடிக்கும். ஒரு பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். அடுத்ததற்கு ஒரு வாரம், பத்து நாள் இடைவெளி. காற்றை உண்டுதான் சுண்ணாம்பு கல்லாகிறது, அதனால் அவசரமாகக் காய்ந்தால் மாவாக உதிரும். நனைத்த கோணிச் சாக்கைத் திரை போலத் தொங்கவிட்டு மூன்று வாரம் ஈரம் காக்க வேண்டும். தை பிறந்ததும் தொடங்கி மாசிக்குள் முடியுங்கள். சித்திரை வெயிலில் பூசிய வடக்குச் சுவர் எங்களுக்கு முழுக்க வலைவலையாக வெடித்தது, மறுபடி செய்தோம். கடைசியில் வெள்ளை. சுண்ணாம்புப் பாலில் கொஞ்சம் கஞ்சி, இரண்டு சொட்டு நீலம். நான்கு மெல்லிய கை அடியுங்கள். சாய்ந்து உட்கார்ந்தால் முதுகில் ஒட்டும், அது உண்மை. வெள்ளை வேட்டிக்காரனுக்கு அது ஒரு குறையே இல்லை.

மெத்தையும் மரமும்

முன்கட்டின் காரை மெத்தை தேக்குச் சட்டங்களின் மேல் பட்டைச் செங்கல்லைக் குத்திட்டுக் கோணலாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி நாள்கணக்கில் அடித்துக் கட்டியது. ஒழுகினால் எல்லோரும் சொல்லும் வைத்தியம், "மேலே நாலு அங்குலம் கான்கிரீட் போட்டுவிடுங்கள்." பத்துக்குப் பத்து அறைக்கு அது இரண்டு டன்னுக்கு மேல் எடை. நூறு வருடச் சட்டத்தின் தலையில் ஒரு லாரிச் சுமையை ஏற்றிவிட்டுக் கீழே பாய் விரித்துப் படுப்பீர்களா? எங்களுக்கு ஒழுகியது கைப்பிடிச் சுவர் மெத்தையோடு சேரும் மூலையில் மட்டும். அந்த மூலையைக் கீறி, காரை வைத்து உருட்டிவிட்டு, பெயர்ந்த தட்டோடு முப்பதை மாற்றியதோடு நின்றது. கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடித்து இழுக்காதீர்கள்; வெட்டி, வேர் போகும் தடத்தைத் தோண்டி எடுத்துக் காரை வைத்து அடையுங்கள்.

சட்டத்தின் நடுப்பகுதி பெரும்பாலும் நன்றாக இருக்கும். சுவருக்குள் புதைந்திருக்கும் முனைதான் உளுக்கும். சுத்தியலால் தட்டினால் மணிபோல் ஒலிக்கிறதா, பூசணிக்காய் போல் மொத்தென்கிறதா என்று கேளுங்கள். சந்தேகம் என்றால் திருப்புளியால் குத்திப் பாருங்கள். உளுத்த ஒன்றரை அடிக்காக முழுச் சட்டத்தையும் எடுத்துப் போட வேண்டாம். நல்ல மரத்தில் முனையை மட்டும் சாய்வாகச் சேர்த்து ஒட்டுப் போடும் ஆசாரி இன்னும் இருக்கிறார்கள். புது முனை சுவருக்குள் போகும் இடத்தில் சுற்றிலும் ஒரு விரல் காற்று இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை வேப்பெண்ணெய். வார்னிஷ் அடித்து மரத்தின் மூச்சை அடைக்காதீர்கள்.

மரத்தைப் பற்றிப் பேசும்போது தரகர்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. பெங்களூர்ப் பக்கத்திலிருந்து மாதம் ஒருவர் காரில் வருகிறார். எங்கள் தலைவாசல் கதவுக்கு ஒருவர் சொன்ன விலையில் இரண்டு அறை புதிதாகக் கட்டலாம். "உங்களுக்கு இரும்புக் கதவு நானே போட்டுத் தருகிறேன்" என்று கூடுதல் சலுகை. செதுக்கு வேலைப்பாடு உள்ள நூறு வருடத்துக்கு மேற்பட்ட பொருள்கள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரக்கூடியவை. வெளிநாட்டுக்கு அனுப்புவது தனியாருக்குத் தடை. விற்றால் அது எங்கே போகும் என்று கேட்டேன். மனிதர் தேநீரைக்கூட முடிக்காமல் கிளம்பினார்.

தோண்டும்போது ஏதாவது கிடைத்தால்

தரையைப் பெயர்த்தால் காசுப்பானை கிடைக்கும் என்று எல்லோருக்கும் ஓர் ஆசை. கிடைத்தால் வாயை மூடிக்கொள்வது குற்றம். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது எதுவானாலும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வருடத்துச் சட்டம். பத்து ரூபாய் இன்னும் பத்து ரூபாயாகவே இருக்கிறது. எழுத்துள்ள கல்லோ வீரன் உருவம் உள்ள கல்லோ வந்தால் துணிதுவைக்கப் போட்டுவிடாதீர்கள். இது நடுகற்கள் நிறைந்த பூமி. தொல்லியல் துறைக்கோ கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கோ சொல்லுங்கள். கல்லை மஞ்சள் போட்டுத் தேய்க்காமல், அமிலம் ஊற்றாமல் விட்டு வைத்தால் அவர்களே படி எடுத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று. மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னத்துக்குப் பக்கத்தில் உங்கள் வீடு இருந்தால், எல்லையிலிருந்து 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. 2010-ல் வந்த திருத்தம். புதுக் கட்டடம் முதலாவதில் முடியாது. பழுது பார்ப்பதற்கும் முன்அனுமதி வேண்டும். முதலில் அளந்துவிட்டு, பிறகு மணல் இறக்குங்கள்.

மின்கம்பியைச் சுவரை வெட்டிப் புதைக்காமல் மரப்பட்டியில் வெளியே ஓட்டுங்கள். கழிவறையை வீட்டுக்குள் திணிக்காமல் பின்பக்கம் தனியாகக் கட்டிக்கொள்ளுங்கள்; அதற்குச் சிமெண்ட் தாராளமாகப் பயன்படுத்தலாம், நான் சிமெண்டுக்கு விரோதி இல்லை.

திண்ணையடிக் குமுதக் கல்லின் மேல் நான் அப்பியதை எடுக்க எனக்குப் பதினொரு நாள் ஆயிற்று. உளி வேண்டாம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டதால் மூங்கில் குச்சியும் ஈரத்துணியும் வைத்து நகம் நகமாக எடுத்தேன். உருட்டின் கீழ்ப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்த மாசியில் பார்க்க வேண்டும்.

வேலை முடிந்ததும் மிச்சமுள்ள சுண்ணாம்பைக் கொட்டிவிடாதீர்கள். ஒரு பானையில் போட்டு, மேலே நான்கு விரல் தண்ணீர் நிற்கும்படி ஊற்றி, மூடி, பின்கட்டில் நிழலாக ஒரு மூலையில் வையுங்கள். தண்ணீர் வற்றாமல் அமாவாசைக்கு ஒருமுறை எட்டிப் பாருங்கள். எங்கள் பானைக்கு இப்போது ஆறாவது வருடம் நடக்கிறது. எங்காவது ஒரு கை பெயர்ந்தால், அன்றே ஒரு கரண்டி எடுத்துப் பூசிவிடுகிறேன்.